நெற்றியைத் தொடாத ஐந்து நாட்கள்

கொடைக்கானலில் கடை வைத்திருக்கிறவனுக்கு வாய் நீளம். எனக்கு அதிலும் ஒரு முழம் கூடுதல். பஸ்ஸிலிருந்து இறங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தால் போதும், "ஜலதோஷமா சார்? வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டு ஆவி புடிங்க, சாயங்காலம் போட்டிங் போகலாம்" என்று யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டிலைக் கையில் திணித்துவிடுவேன். தலைவலி, மூட்டுவலி, மார்ச்சளி, மலையேறும்போது வருகிற வாந்தி, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்ன இந்த வாய்தான், என் வீட்டுப் பின்னறையில் என் மனைவி காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தபோது, "தை மாசக் குளிரு, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னது.

பஜாரில் முன்னால் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கும் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. தைலக் கேன்கள், காலி பாட்டில்கள், அட்டைப்பெட்டிகள் எல்லாம் அங்கேதான். அதற்குள் போய் வந்தால் அரை நாளைக்கு வேறு எந்த வாசனையும் மூக்கில் ஏறாது. மார்கழி பிறந்ததும் நான் பழனிக்கு மாலை போட்டுக்கொள்வேன். தைப்பூசத்துக்கு நடந்து போய் மாலையைக் கழற்றும் வரை, வீட்டுக்கு விலக்காகிற நாட்களில் என் மனைவி அந்த அறையில்தான் இருப்பாள். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். மாலை போட்ட நான் அவளைத் தொடக் கூடாது. சாமிக்குச் சமைக்கிற என் அம்மாவும் தொடக் கூடாது. சாப்பாட்டை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வோம், அவள் எடுத்துக்கொள்வாள். ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவாள்.

இதை நான் அவள் தலையில் கட்டினேன் என்று நினைக்க வேண்டாம். அவள் பழனி அடிவாரத்துப் பெண். அவள் வீட்டில் தலைமுறையாகக் கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுத்தம் எல்லாம் அவள் வீட்டுச் சுத்தத்துக்கு முன்னால் தூசு. கல்யாணமான புதிதில் நான் மாலையோடு அந்தப் பின்னறை வாசலில் நின்று கேலி பேசினால், "சாமி, தள்ளி நில்லுங்க" என்று அவள்தான் விரட்டுவாள். எனக்கும் அது பிடித்திருந்தது. மாலை போட்ட நாற்பத்தெட்டு நாளும் என்னைப் பார்த்து 'சாமி' என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு மரியாதை வரும். மற்ற நாட்களில் அந்த மரியாதை எனக்குக் கிடைப்பதில்லை.

அந்த வருஷம் மாலை போட்டுப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். சாக்லேட் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே, குரலை ஏற்றாமல், "நாள் தள்ளிப் போயிருச்சுங்க" என்றாள். எங்கள் மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். அவள் பிறந்ததே ஆபரேஷனில்தான். மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்து அவளே பேச்சை எடுத்தாள். "இப்போ வேண்டாம்ங்க. பாப்பா பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பெத்துக்குவோம். என் உடம்பு இன்னும் எனக்கே திரும்பி வரல" என்றாள். சரி என்றேன். அந்த முடிவில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. நான் வருத்தப்படுவது வேறு ஒன்றுக்கு.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "சாமி குடுத்ததை வேண்டாம்ங்கறதுக்கு நீங்க யாரு" என்று கேட்பாள் என நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். அவள் உண்மையிலேயே அப்படிக் கேட்பாளா என்று கேட்டுப் பார்க்கிற தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை. பழனியில் மாமியார் வீட்டில் ஒரு சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், முறையாகத்தான் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு மாத்திரை. ஒரு நாள் விட்டு வியாழக்கிழமை மறுபடியும் போய் மற்ற மாத்திரைகள். அன்று மதியம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்கள்.

கிளம்பும்போது ஒரு நர்சம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். "இன்னைக்குக் குளிரும். லேசா காய்ச்சல் மாதிரி இருக்கும். அது மாத்திரையோட வேலை. நாளைக்கும் குளிருச்சுன்னா அது மாத்திரை இல்ல, வேற. அப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது, வந்துரணும். எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்க போங்க" என்றார். ஒரு அச்சடித்த சீட்டையும் என் கையில் கொடுத்தார். என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. குளிரும் என்றது காதில் விழுந்தது, சரி என்று தலையாட்டினேன். சீட்டை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கடைக்கு வந்ததும் பில் புத்தகத்துக்கு அடியில் போட்டேன். அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனபோது, "மாலை போட்டிருக்கீங்க, தள்ளி உக்காருங்க" என்றாள். மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தேன். பாதி மலை ஏறியதும் முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். தோள் ஆடுவது பின்னாலிருந்து தெரிந்தது. பஸ் குலுங்குகிறதா, அவள் நடுங்குகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "விலக்காயிட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய்விட்டாள். அம்மாவும் கேள்வி கேட்கவில்லை. மாதாமாதம் நடக்கிறதுதானே.

வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் இருந்தாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள், காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் வாசலில் நின்றபடியே ஜாடையில் எப்படி என்று கேட்டேன். குறைந்துவிட்டது என்று கையைக் காட்டினாள். அப்பாடா என்றிருந்தது. ஒரு பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடைக்கு வந்து ரேடியோவைக்கூடச் சத்தமாக வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் ஏரிப்பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. பள்ளங்கியிலிருந்து கேரட் கொண்டுவருகிறவர், இலையெல்லாம் கருகிப் போச்சு என்று புலம்பிக்கொண்டு போனார். அறை வாசலில் காப்பியை வைத்தபோது உள்ளேயிருந்து, "குளிருதுங்க. பல்லு கிட்டுது" என்றாள். எங்கள் ஊரில் தை மாதம் நடுங்காதவனைத்தான் சந்தேகப்பட வேண்டும். நானே மப்ளரும் ஸ்வெட்டருமாக நின்றேன், அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. இன்னொரு கம்பளியை எடுத்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். ஒரு வாளி வெந்நீரில் தைலத்தை விட்டு வைத்தேன். "ஆவி புடி, சரியாயிரும்" என்றேன். சுற்றுலா வந்தவருக்குச் சொல்கிற அதே வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. பொங்கல் லீவின் கடைசி நாள், மதுரை வண்டியும் கோயம்புத்தூர் வண்டியுமாக வரிசை கட்டி நின்றன. சாப்பாடு வைக்கப் போனபோது, அடிவயிறு வலிக்கிறது, மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்றாள். மறுபடியும் கொஞ்சம் ரத்தம் போகிறதாம். அம்மாவிடம் வயிற்று வலி என்று மட்டும் சொன்னேன். அம்மா மிளகும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். "கெட்ட ரத்தம் போனாப் போகட்டும்டா, உள்ள தங்குனாத்தான் ஆபத்து" என்றாள். அவள் என்ன என்று தெரியாமல் சொன்னாள். தெரிந்த நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஐந்தாம் நாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்திருக்க வேண்டும், வரவில்லை. காலையில் வைத்த இட்லி மத்தியானமும் அப்படியே இருந்தது. "வேண்டாம்ங்க, தூங்குறேன்" என்ற குரல் மட்டும் வந்தது. அறையிலிருந்து தைல வாடை குப்பென்று அடித்தது. வழக்கத்தைவிட அதிகம். கேன் எதுவும் ஒழுகுகிறதா என்று வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தேன். கேன் ஒழுகினால் நஷ்டமல்லவா, அதனால் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேன் எல்லாம் சரியாக இருந்தது. கடைக்குத் திரும்பிவிட்டேன்.

பக்கத்துக் கடை ஸ்வெட்டர், சால்வை விற்கிற கடை. அதை நடத்துகிற பாயும் பாயம்மாவும் இருபது வருஷமாக எங்களுக்குப் பழக்கம். என் மனைவி பின்னறையில் இருக்கிற நாட்களில் எங்கள் மகள் பெரும்பாலும் பாயம்மா இடுப்பில்தான் இருப்பாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். "புள்ள அம்மாவக் கேட்டு அழுவுது, ஒரு தடவ காட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே பாயம்மா குழந்தையோடு வீட்டுக்குள் நுழைந்து நேராகப் பின்னால் போனார். அவருக்கு மாலையும் இல்லை, நிலைப்படியும் இல்லை.

ஐந்து நிமிஷம் கழித்துக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவில் வந்து நின்றார். குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"தம்பி, அந்தப் புள்ள நெத்தியத் தொட்டுப் பாத்தீங்களா?"

"நான் மாலை போட்டிருக்கேன் பாயம்மா."

"அம்மா?"

"அம்மாதான சாமிக்குச் சமைக்குது."

"அப்ப யாருதான் தொட்டது?" என்றார். "அஞ்சு நாளா ஒருத்தருமா தொடல?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், என் குணம் அப்படி. அவர் மெதுவாகத்தான் கேட்டார். "உடம்பு அனலாக் கெடக்கு. போர்வைக்குள்ள கைய வைக்க முடியல. என்னைப் பாத்து, எங்கம்மா வந்துட்டாங்களான்னு கேக்குது. தைல வாடைக்கு அடியில வேற ஒரு வாடை வருது தம்பி. அது நல்ல வாடை இல்ல." பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தி, "என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லிருச்சு. ஆஸ்பத்திரியில சீட்டு எதும் குடுத்தாங்களா?" என்றார்.

பில் புத்தகத்துக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்தேன். மடிப்புப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. பாயம்மா கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். "நீங்களே வாசிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். இடது பக்கம் அடுப்படி. அம்மா அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சீட்டின் தலைப்பில் கருக்கலைப்புக்குப் பின் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. எத்தனை பேரை மடக்கிய வாய். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன்.

"சத்தமா வாசிங்க தம்பி" என்றார் பாயம்மா.

வாசித்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் போவது, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்து நீடிப்பது என்று முதல் வரி. பாயம்மா அவளிடம் குனிந்து கேட்டார். "அது இல்லையாம். கொஞ்சமாத்தான் போகுதாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பார்த்தீர்களா, ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "மேல வாசிங்க" என்றார்.

மாத்திரை போட்ட மறுநாளுக்குப் பிறகும் காய்ச்சல், நடுக்கம். "இருக்கு." மாத்திரைக்கும் அடங்காத வயிற்று வலி. "இருக்கு." வெள்ளைப்படுதலிலோ ரத்தத்திலோ துர்நாற்றம். இதற்கு அவர் அவளைக் கேட்கவே இல்லை. "இருக்கு" என்றார். மயக்கம், படபடப்பு, தலைசுற்றல், எழுந்திருக்க முடியாத சோர்வு. பாயம்மா அவளைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடைசி வரியை நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வரவும் என்று இருந்தது. ஒன்று இருந்தாலே வர வேண்டுமாம். எங்கள் வீட்டில் சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்திருந்தன. சீட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

திரும்பினேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் கீரைக்கட்டு. தலைப்பிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன். "ஏலே, என்னடா வாசிச்சுக்கிட்டு நிக்கிற? வண்டியக் கூப்பிடு, வெரசா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பாய் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். அவளைப் பாயம்மாவும் அம்மாவும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின்சீட்டில் கிடத்தினார்கள். பாயம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்சீட்டில் ஏறினேன். அப்போதும் என் கழுத்தில் மாலை இருந்தது. அப்போதும் நான் பின்னால் ஏறவில்லை. இதை எழுதும்போது என் கையை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பழக்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வரத் தாமதமானது. உள்ளேயிருந்து வந்த சிஸ்டர் அவளைப் பார்த்ததும் என்னிடம், "வீட்டுக்காரர்தானே? பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, தூக்குங்க" என்றார். தூக்கினேன். அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தூக்குகிற மாதிரி கை சுட்டது. இதைத்தான் குளிர் என்று சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். நான் நடந்த அந்த இருபது அடியில் மாலை அவள் முகத்தில் உரசிக்கொண்டே வந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்காது.

அங்கே குளுக்கோஸும் ஊசியும் போட்டு, இங்கே முடியாது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் நான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலை இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் அவள் உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வழியில் எங்கேயோ மாலையைக் கழற்றினேன். குருசாமி கையால் கழற்ற வேண்டிய மாலை. எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அன்று அதைத் தேடவும் இல்லை.

கீழே இருந்த டாக்டரம்மா வயதானவர், நறுக்கென்று பேசுகிறவர். கரு முழுக்க வெளியே வரவில்லை, கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டது, அதில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார். பிழைப்பாளா என்று கேட்டேன். "மருந்து கேட்டா பொழைப்பாங்க. இப்ப என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார். நாங்கள் கலைத்தது தப்பா என்று உளறினேன். எரிச்சலோடு என்னைப் பார்த்தார். "அதுல தப்பில்ல. மாத்திரையிலயும் தப்பில்ல. எங்கயாவது ஒருத்தருக்கு இப்படி ஆகத்தான் செய்யும். அதுக்குத்தான் சீட்டு அடிச்சுக் கையில குடுக்கறோம். சனிக்கிழமையே வந்திருந்தா சுத்தம் பண்ணி, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மலையில இருக்கறவங்கதானே நீங்க, எது குளிர், எது காய்ச்சல்னு தெரியாதா?" தொட்டுப் பார்த்திருந்தால் எங்கள் மகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

நான்கு நாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். ரத்தம் ஏற்றினார்கள், கருப்பையைச் சுத்தம் செய்தார்கள், மருந்தை இரண்டு முறை மாற்றினார்கள். இரண்டாம் நாள் ஒரு நர்ஸ் வெளியே வந்து, சிறுநீர் இறங்கவில்லை, சொந்தக்காரங்களைக் கூப்பிடணும்னா கூப்பிட்டுக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பழனியிலிருந்து அவள் அப்பா வந்தார், பூ நார் ஒட்டியிருந்த விரல்களோடு. என்ன மாப்பிள்ளை என்று கேட்டார். கடையில் நாலு மொழியில் பேசுகிற நான் மாமனாருக்குக் கண்ணாடிக் கதவைக் கையால் காட்டினேன்.

அம்மா அன்று சாயங்காலம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் அக்காவுக்கும் உனக்கும் நடுவுல ஒரு புள்ள கலைஞ்சது உனக்குத் தெரியுமாடா? நாங்களாத்தான் கலைச்சோம். உங்கப்பா ஒத்தக் கையால சம்பாரிச்ச காலம்." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேன்டா. எனக்கு என்ன, மாலையா போட்டிருக்கு? சமையலை நீ செஞ்சிருப்ப." யாரிடம் மறைத்தோமோ அவளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. நான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் ஆம்பிளை அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மருந்து கேட்டது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, உயிருக்குப் பயமில்லை என்றார். ஆனால் உள்ளே புண்ணாகி ஆறியிருக்கிறது, குழாய் அடைத்திருக்கலாம், இனிமேல் குழந்தை தங்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இப்போது மகள் ஒன்றாம் வகுப்புப் போகிறாள். பாப்பா பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பெத்துக்குவோம் என்றாளே, அந்த அப்புறம் வரவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்கிறோம். ஒவ்வொரு மாதமும் அவள் நாப்கின் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள். இப்போது எங்கள் வீட்டில் பின்னறைக்கு யாரும் போவதில்லை, மாலையும் இல்லை. அம்மாதான் அந்த வழக்கத்தை நிறுத்தினாள்.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் அக்கா திட்டினாள், பாயம்மாகூட ஒரு நாள் பொறுக்க முடியாமல் நாலு வார்த்தை கேட்டுவிட்டார். இவள் மட்டும், "நானும்தான தள்ளி நில்லுங்கன்னேன்" என்பாள். "வாடை வருதேன்னு கூச்சப்பட்டு நானே தைலத்தத் தெளிச்சேன். அவரை மட்டும் என்ன சொல்றது" என்பாள்.

வார்டுக்கு மாற்றிய அன்று காலை அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கிவிட்டு, போதும் என்று கையைப் பிடித்தாள். அந்த நாட்களில் பாதி அவளுக்கு நினைவில்லை. நினைவில் இருந்ததைக் கேட்டாள். "திங்கக்கெழம வெள்ளனே ரெண்டு தடவ கூப்பிட்டேன். ஏங்க, ஏங்கன்னு. எந்திரிச்சு வர முடியல. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலையே" என்றேன்.

"அதான் நெனச்சேன்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "கேட்டிருந்தா வந்திருப்பீங்க."

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு பிடிமானம். என்னை யார் குறை சொன்னாலும் குறுக்கே வந்து அதைத்தான் சொல்வாள். என் அக்காவிடம் சொன்னாள், அவள் அப்பாவிடம் சொன்னாள். போன மாதம் மகளிடமும், அம்மாவுக்கு ஒரு தடவை உடம்பு சரியில்லாமல் போன கதையைச் சொல்லும்போது, "அப்பாவுக்குக் கேக்கலடா, கேட்டிருந்தா ஓடி வந்திருப்பாரு" என்று சொன்னாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் எழுதுகிற எதையும் என் மனைவிதான் முதலில் படிப்பாள். பிழை திருத்துவாள், கேலி செய்வாள். வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்குக் கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது. பூஜை முடிந்து தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அது அணையட்டும், போகலாம் என்று நின்றேன். அணைந்த பிறகு கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது.